ஒன்பதாம் கட்டிலுக்கு மேலே ஓர் ஆணி

ஒன்பதாம் கட்டிலுக்கு மேலே
ஓர் ஆணி இருக்கிறது.
எதைத் தாங்கியிருந்தது என்று யாரும் சொல்வதில்லை.
எங்கள் மொந்தெவிதேயோவில்
அரசு மருத்துவமனைச் சுவர்களுக்கு மதம் கிடையாது,
புனித வாரத்துக்கே சுற்றுலா வாரம் என்றுதான் பெயர்.
பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள்
ஆணிக்கும் சேர்த்தே அடித்துவிட்டுப் போகிறார்கள்.
நான் அதில் எச்செவெரியின் தொப்பியை மாட்டினேன்.

சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில்
ஒரு கேள்வி: ஆன்மிகத் தேவைகள் உண்டா?
பதினேழு வருடமாக 'இல்லை'யில் டிக் போட்டுப் போட்டு
என் பேனாவுக்கே வழி தெரியும்.
அவரிடம் கேட்டதுகூட மரியாதைக்காகத்தான்.
"பாதிரி வந்தால்
என் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து
என்னை உதைப்பார்" என்றார்.
அது சிரிப்பா இருமலா தெரியவில்லை,
ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

சுற்றுலா வாரத்து வியாழன் இரவு.
ஊரில் பாதி கடற்கரையில்.
இருபத்திரண்டு கட்டிலுக்கு நானும் நீபியாவும்.
மூன்று மணிக்கு மேல்
ஒருக்களித்துப் படுக்கவைக்கப் போன
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
மார்ஃபின் தரட்டுமா என்றேன்.
வலி அங்கே இல்லை என்றார்.

பூஜ்யம் முதல் பத்து வரை
எங்களிடம் ஓர் அளவுகோல் உண்டு.
அதை நீட்ட வெட்கமாக இருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
அதற்கு ஒரு கால் ஆட்டம்.

தடம் மாற்றும் வேலை அவருக்கு,
வடக்கே, இன்று ரயிலே போகாத ஒரு நிலையத்தில்.
ஜூலைக் குளிர். மழை. அடுப்போரம்.
கண் அசந்துவிட்டது.
நெம்புகோல் இழுபடாமலே நின்றது.
கால்நடை ஏற்றிய வண்டி பக்கத் தடத்தில் புகுந்து
"பதினொரு காளைகள்" என்றார்.
"விடியும்வரை கத்தின.
மனிதர் யாரும் சாகவில்லையே என்று ஆறுதல் சொன்னார்கள்.
விசாரணையில் கேட்டபோது நான்
அது ருதெசிந்தோவின் முறை என்று—"

நான்காம் கட்டிலின் மணி அடித்தது.

போகாமல் முடியாது.
அங்கே குழாய் கழன்று படுக்கை நனைந்திருந்தது.
துடைத்து, விரிப்பு மாற்றி, காய்ந்த சட்டை தேடி,
"மன்னித்துக்கொள் மகளே" என்றவரிடம்
"அதற்கென்ன" என்று சொல்லிவிட்டுக்
கை கழுவும்போதுதான் உறைத்தது
எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்,
மூத்திரத்துக்கு.

இருபது நிமிடம்.
விட்ட சொல்லிலேயே நின்றிருந்தார்,
கைகாட்டி இறங்கக் காத்திருக்கும் வண்டி மாதிரி.
"—முறை என்று கையெழுத்துப் போட்டேன்.
அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.
வேலை போயிற்று.
பிரேசில் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.
ஐந்து பிள்ளைகள்."

அதற்கென்ன என்று நான் சொல்லவில்லை.
சொல்ல நான் யார்?
பாதிரியும் இல்லை, ருதெசிந்தோவும் இல்லை.
"மன்னிப்பெல்லாம் வேண்டாம்" என்றார்.
"உனக்குத் தெரிந்திருக்கட்டும்."
தெரிந்தது என்றேன்.
"பெயரைச் சொல்."
ருதெசிந்தோ அல்வெஸ்.
"விழுங்காமல் சொல்."
சொன்னேன்.
கையை விட்டார்.
வேறென்ன செய்வது என்று தெரியாமல்
நாடி பார்த்தேன்.

நீங்கள் நினைப்பதுபோல் அன்று அவர் சாகவில்லை.
காலையில் மாத்தே கேட்டார்.
விழுங்கக் கூடாது;
அந்தக் கசப்பைப் பஞ்சில் தொட்டு உதட்டில் தடவினேன்.
"தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கெடுத்திருக்கிறாய்"
என்று முகம் சுளித்தார்.

பணிக் குறிப்பில் எழுதினேன்:
சிறுநீர் இருநூறு மில்லி. படுக்கைப் புண் இல்லை.
மூன்று பத்திலிருந்து நாலேகால் வரை விழித்திருந்தார்.
கடைசிப் பக்கத்தைத் திருப்பி
'இல்லை'யை அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.
'உண்டு' என்றால் அடுத்த வரி,
எந்த மதம், குறிப்பிடுக.
மூடி வைத்தேன்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
கடற்கரைச் சாலை முழுக்க வெயில்,
மதில்மேல் தூண்டில்காரர்கள்.
தூங்கிவிடுவேன் என்று நினைத்தேன்.
ருதெசிந்தோ அல்வெஸ்
பக்கத்து இருக்கையில் ஒன்றும் பேசாமல் வந்து
என் நிறுத்தத்தில்
என்னோடு இறங்கினார்.